நாயின் அச்சம் தீர்த்த மருந்துகள்

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் பாவ்லோவின் நாயை அறிவர். மணி ஒலித்ததும் அதன் வாயில் எச்சில் ஊறிற்று என்று தேர்வுத் தாளில் எழுதாதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். தூண்டல், துலங்கல், ஆக்கநிலையுறுத்தம் என்னும் கலைச்சொற்களோடு நம் குறிப்பேட்டுக்குள் வரும் அந்நாய், தேர்வு முடிந்ததும் விடைபெற்றுச் சென்றுவிடும். அதன் வரலாற்றில் நம் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாது விட்ட பகுதி ஒன்று உண்டு. அஃது எச்சில் ஊறிய கதையன்று. அச்சம் ஊறிய கதை. அச்சமுற்ற விலங்கை அமைதிப்படுத்த வல்லது எது என்னும் பழைய வினாவுக்கு அக்கதையில் ஒரு விடை கிடைக்கின்றது.

இன்று கடைகளில் நாயின் பதற்றத்தைத் தணிக்குமென்று பூச்சாறுகளும் வேர்ப்பொடிகளும் நறுமண எண்ணெய்களும் விற்கப்படுகின்றன. புட்டிகள் பலவற்றின் மேலும் 'இயற்கையானது' என்னும் சொல் பெரிய எழுத்தில் காணப்படும். அச்சொல்லை நம்பலாமா என்பதற்கு வரலாறு ஓரளவு துணை செய்யும்.

1924ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், அந்நாளில் லெனின்கிராடு என வழங்கிய சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகருள் நேவா ஆறு கரை கடந்து புகுந்தது. கடலிலிருந்து வீசிய புயல், ஆற்று நீரை எதிர்த்துத் தள்ளவே, நீர்மட்டம் வழக்கமான அளவினும் மூன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன், 1824இல், அந்நகரைச் சூறையாடிய வெள்ளத்துக்கு அடுத்த பெருவெள்ளம் இதுவே. பாவ்லோவின் நாய்க்கூடங்கள் தாழ்வான இடத்தில், ஆய்வுக்கூடத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தன. கூண்டுகளில் நீர் ஏறிற்று. பணியாளர்கள் நாய்களைச் சிறு சிறு கூட்டமாக வெளிக்கொணர்ந்து, புயலும் அலையும் வீழ்மரங்களும் நடுவே நீந்தச் செய்து ஆய்வுக்கூடத்தில் சேர்த்தனர். நாய்கள் பிழைத்தன. ஆயினும் அவற்றுட் சில முன்போல் இல்லை.

ஸ்பெரான்ஸ்கி என்னும் ஆய்வாளர் அவற்றுள் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். இயல்பாகவே ஒடுங்கிய தன்மையுடைய நாய் அது. வெள்ளத்துக்கு முன் அதன் துலங்கல்கள் கடிகாரம்போல் ஒழுங்காக இருந்தன. வெள்ளத்தின் பின்னர் அதனை ஆய்வு மேடையில் ஏற்றியபொழுது அது நிலைகொள்ளாமல் தவித்தது. பழகிய துலங்கல்கள் யாவும் மறைந்திருந்தன. உணவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டினி போட்டும் பயன் இல்லை.

பாவ்லோவின் ஆய்வுமுறையில், ஆய்வாளர் நாயோடு ஓர் அறையில் இருக்கக்கூடாது. அவர் வெளியே இருந்து கருவிகளை இயக்குவார். நாய் உள்ளே தனித்திருக்கும். மனிதரின் ஒவ்வோர் அசைவும் நாய்க்கு ஒரு தூண்டலாகிவிடும் என்பதே அதற்குக் காரணம். ஸ்பெரான்ஸ்கி இவ்விதியைத் தளர்த்தினார். அவர் உள்ளே சென்று நாயின் அருகில் அமர்ந்தார். வேறு மருந்து எதுவும் தரவில்லை. துலங்கல்கள் திரும்பின, நாய் உணவு உண்டது. அவர் வெளியேறியதும் பழைய நிலை மீண்டது. பின்னர் இன்னும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. ஆய்வாளரின் உடையை நாயின் கண்ணுக்குப் படாத இடத்தில் அறைக்குள் வைத்துப் பார்த்தனர். அதற்கும் நாய் அமைதியுற்றது. மனிதரின் உருவம் இல்லை, குரல் இல்லை, மணம் மட்டுமே இருந்தது.

நாள்கள் செல்லச் செல்ல அந்நாய் தேறியது. முற்றிலும் தேறியதா என்று அறிய ஸ்பெரான்ஸ்கி மற்றொன்று செய்தார். கதவின் அடியில் ஓசையின்றிச் சிறிது நீரைக் கசியவிட்டார். அந்நீர் மேடையருகே ஒரு சிறு குட்டையாகத் தேங்கியது. நாய் துள்ளி எழுந்து, தரையை உற்று நோக்கி, மூச்சு வாங்கத் தொடங்கிற்று. வாரக்கணக்கில் வளர்ந்த நலம் அந்நொடியே சிதைந்தது. அதன் பின்னர், முன்பு நன்கு பயன்பட்ட உரத்த மணியோசை கூட அந்நாய்க்குத் தாங்க முடியாததாயிற்று. பட்டாசு வெடிக்கும் இரவில் கட்டிலின் அடியில் புகுந்துகொள்ளும் நம் வீட்டு நாயை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அச்சம் வெளிப்படையாக இல்லை என்பதனாலேயே அஃது அழிந்துவிட்டது என்று கொள்வது தவறாகும்.

நிற்க. மனிதரின் அருகிருப்பே நாய்க்கு மருந்து என்பது 1924இல் புதிதாகத் தோன்றிய கருத்தன்று. ஆய்வுக்கூடம் அதனை அளந்து காட்டிற்று; அவ்வளவே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன் என்பாரைப் பேரரசன் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதியவராக நாம் அறிவோம். அவரே வேட்டை நாய்களைப் பற்றியும் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். அவருடைய நாயின் பெயர் ஓர்மே. 'வேகம்' என்று பொருள் கொள்ளலாம். நாய் தனியே உறங்குவதைக் காட்டிலும் ஒரு மனிதரோடு உறங்குவதே நன்று என்பது அவர் கருத்து. அதனால் நாய்க்கு மனிதரிடம் அன்பு பெருகும். இரவில் அது துன்புற்றாலும் நீர் வேட்கை கொண்டாலும் உடன் உறங்குபவர் அறிந்துகொள்வார். நாயின் உடலைக் கையால் நீவிவிடுதலையும் அவர் வற்புறுத்துகின்றார். முதுகை ஒரு கையால் நீவும்பொழுது மறு கையை வயிற்றின் கீழ்த் தாங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் அளவுக்கு நுணுக்கமாக எழுதுகின்றார். படைநடத்தி நாடாண்ட ஒருவர் இதற்கு நேரம் கண்டார் என்பது எனக்கு அலெக்சாந்தரின் வெற்றிகளினும் சுவையாகத் தோன்றுகிறது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் காஸ்தோன் ஃபேபுஸ் என்னும் பெருநிலக்கிழார் எழுதிய வேட்டை நூலும், அதனைத் தழுவி இங்கிலாந்தின் யார்க் கோமகன் எட்வர்டு எழுதிய நூலும் இம்மரபைத் தொடர்கின்றன. நாய்க்கூடத்தில் இரவும் பகலும் ஒரு சிறுவன் நாய்களோடு இருக்க வேண்டும். அவன் இருந்தால் அவை சண்டையிடா என்று ஆங்கில நூல் கூறுகின்றது. அச்சிறுவனின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. கோமகனோ 1415இல் அசின்கோர்ட்டுப் போரில் மாண்டு வரலாற்றில் இடம்பெற்றான்.

இனி மருந்துக்கு வருவோம். 1826ஆம் ஆண்டு பிரெஞ்சு இளைஞர் அந்துவான் பலார், உப்பளத்து நீரின் எச்சத்திலிருந்து புரோமின் என்னும் தனிமத்தைப் பிரித்தார். அதன் உப்பாகிய பொட்டாசியம் புரோமைடு வலிப்பைத் தணிக்கும் என்று 1857இல் ஆங்கில மருத்துவர் சார்லசு லோக்காக்கு அறிவித்தார். கடல் நீரில் உள்ளது என்பதால் இதனையும் 'இயற்கை மருந்து' என்று அழைக்கத் தடையில்லை. பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் பெத்ரோவா அம்மையார் இதனை நரம்புத் தளர்ச்சியுற்ற நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு நாய்களுக்கு ஒரே வகையான கடும் பயிற்சி தரப்பட்டு, இரண்டும் நிலைகுலைந்திருந்தன. ஒன்று துள்ளும் இயல்பினது. மற்றது ஒடுங்கும் இயல்பினது. துள்ளும் நாய் புரோமைடால் சில நாள்களில் தேறியது. ஒடுங்கிய நாய்க்கு அம்மருந்தால் பயன் விளையவில்லை; நெடிய ஓய்வுதான் அதற்கு உதவிற்று. பின்னாளில், வலுவற்ற நரம்பமைப்புடைய நாய்க்கு மிகச் சிறிய அளவே போதும், மிகுந்தால் அதுவே நோயாகும் என்றும் கண்டனர். இன்னொன்றும் உண்டு. நாயின் உடலில் சேர்ந்த புரோமைடில் பாதி வெளியேறவே மூன்று வாரங்களுக்கு மேலாகும். நாள்தோறும் ஊட்டினால் அது சேர்ந்துகொண்டே போகும். நாய்களின் வலிப்பு நோய்க்கு இன்றும் அது பயன்படுகிறதாயினும், குருதியில் அதன் அளவை ஆய்ந்தே மருத்துவர்கள் கொடுக்கின்றனர்.

வகுப்பறையில் நாற்பது மாணவர்க்கு ஒரே அதட்டலும் ஒரே பாராட்டும் வழங்கும் நாம், பெத்ரோவாவின் இரு நாய்களைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மூலிகைகளின் வரலாறு இவ்வளவு தெளிவுடையதன்று. ஐரோப்பியர் உறக்கத்துக்கு உண்ட வேலேரியன் வேர், நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சிலுக்கு உறவு. மனிதரை உறங்கவைக்கும் என்று போற்றப்படும் அவ்வேர், பூனையின் மூக்கில் பட்டால் அதனைக் களியாட்டம் போட வைக்கும். ஓர் உயிர்க்கு அமைதி தருவது மற்றோர் உயிர்க்கும் தரும் என்னும் நினைப்பை இஃதொன்றே தகர்க்கப் போதும். 1936இல் மறைந்த எட்வர்டு பாக் என்னும் ஆங்கில மருத்துவர் மலர்களிலிருந்து வடித்த நீர்மங்கள் நாய்களுக்கும் இன்று விற்கப்படுகின்றன. மனிதரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அவை மருந்தற்ற வெறும் நீர்மத்தினும் மேலான பயன் தரவில்லை என்றே கண்டனர்.

நறுமணத்தின் நிலை சற்று வேறு. பெல்பாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்சு அம்மையாரும் உடனுழைத்தோரும் காப்பகத்து நாய்கள் 55ஐக் கொண்டு நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. லாவெண்டர், சீமைச்சாமந்தி ஆகியவற்றின் மணம் பரவிய நாள்களில் நாய்கள் மிகுதியாக ஓய்ந்து படுத்திருந்தன, குரைப்பு குறைந்தது. ரோஸ்மேரியும் பெப்பர்மின்ட்டும் மாறாக அவற்றை எழுந்து நடமாடச் செய்தன. காரில் ஏற்றினால் கலவரப்படும் நாய்கள் 32ஐ ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையிலும் லாவெண்டர் மணம் நன்மை செய்ததாகக் கண்டார். அதற்கு முன், 2002இல், 50 நாய்களுக்கு இசையைக் கேட்கச் செய்திருந்தார். மேனாட்டுச் செவ்விசைக்கு அவை அமைதியாகப் படுத்தன. 'ஹெவி மெட்டல்' எனப்படும் பேரிரைச்சல் இசைக்கு மிகுதியாகக் குரைத்தன. இதனை அறிய நாய்கள் தேவையில்லை என்று என் வயதையொத்தோர் கூறக்கூடும்.

ஆயினும் இவை மணத்தைக் காற்றில் பரவவிட்டுச் செய்த ஆய்வுகள். எண்ணெயை நாயின் தோலில் பூசுவதும் நாவில் விடுவதும் வேறு செயல்கள். 'டீ ட்ரீ' என்னும் தைல எண்ணெயும் செடியிலிருந்தே வருவது. செறிவாக நாயின் மேல் பூசினால் நடுக்கமும் கால் தளர்ச்சியும் உண்டாகும். இயற்கை என்னும் சொல் மூலத்தைக் குறிக்குமேயன்றி அளவைக் குறிக்காது.

1935ஆம் ஆண்டு, பாவ்லோவ் இறப்பதற்கு முந்தைய ஆண்டில், லெனின்கிராட்டின் செயல்முறை மருத்துவக் கழகத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். அந்நாய்கள் அறுவைக்கும் அச்சத்துக்கும் தாமாக விரும்பி வந்தவை அல்ல. அச்சின்னம் கடனைக் கழித்துவிட்டதென்று நான் கருதவில்லை. ஆனால் ஸ்பெரான்ஸ்கியின் அறையில் கண்ணுக்குப் படாமல் கிடந்த உடை வேறு வகையில் வாழ்ந்துகொண்டிருக்கின்றது. நாயைப் பிறரிடம் விட்டு ஊருக்குப் போகும் பலர், தாம் உடுத்துத் துவைக்காத சட்டை ஒன்றை அதன் படுக்கையில் வைத்துவிட்டுச் செல்கின்றனர். அது பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நாயும் அதைக் கேட்பதில்லை, சட்டையின் மேல் முகத்தை வைத்து உறங்கிவிடுகிறது.