நடைபிணமும் கரும்புத் தோட்டமும்

விடுமுறை நாளொன்றில் நண்பர் அறுவர் கூடி 'ஸொம்பிசைட்' எனும் பலகை விளையாட்டை ஆடினோம். 2012இல் வெளிவந்த இவ்விளையாட்டில் ஒருவரையொருவர் வெல்ல முயல்வதில்லை. ஓசை எழும் திசையிற் திரண்டு வரும் ஸொம்பிகளை, அதாவது நடைபிணங்களை, எதிர்த்து எல்லோரும் ஒன்றாகவே வெல்வர். அன்றேல் ஒன்றாகவே தோற்பர். இவ்வொற்றுமை வரவேற்கத்தக்கதே. ஆயின், நாம் கொன்று குவித்த அந்நடைபிணங்கள் யாவர்?

விடை ஹெயிட்டியின் கரும்புத் தோட்டங்களில் உள்ளது. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் 1789 அளவில் அங்கு ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள் உழைத்தனர். இறந்தால் உயிர் ஆபிரிக்கத் தாயகம் மீளும் என்பது அவர்தம் நம்பிக்கை. இறந்த பின்னரும் எழுப்பப்பட்டு உழைக்க நேருமோ என்ற அச்சமே ஸொம்பியாக உருக்கொண்டது என்பர் ஆய்வாளர்.

1791இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள் 1804இல் சுதந்திர நாடு கண்டனர். எனினும், 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தது. அக்காலத்தில், 1929இல், வில்லியம் சீபுறூக் எழுதிய நூலே ஸொம்பியை மேனாட்டாரிடையே பரப்பிற்று. அமெரிக்கச் சீனிக் கம்பனியின் தோட்டத்தில் நடைபிணங்கள் உழைக்க, கூலியைக் கங்காணி பெற்றுக்கொண்ட கதை அதிலுண்டு. 1932இல் வந்த 'வைற் ஸொம்பி' திரைப்படத்திலும் அவர்கள் சீனி ஆலைக் கூலிகளே. 1968இல் ஜோர்ஜ் றொமெறோவின் படம் தொடக்கிவைத்த மரபிலோ உழைப்பாளி மறைந்தான். மனிதரைத் தின்னும் கும்பலே எஞ்சிற்று. சுரண்டப்பட்டவனே அஞ்சத்தக்க பகைவனாக்கப்பட்டான்.

உப்பைச் சுவைத்த ஸொம்பி தன்னிலை உணர்ந்து விழித்தெழும் என்பது ஹெயிட்டி மக்களின் நம்பிக்கை. விளையாட்டுப் பெட்டியில் அந்த உப்பு இல்லை. வரலாற்றிலிருந்தே அதனை நாம் எடுத்துவர வேண்டும்.