உகுலேலேயில் மாயாமாளவகௌளை கார்டுகள்

கர்நாடக இசையின் 15ஆவது மேளகர்த்தாவான மாயாமாளவகௌளையின் ஏழு சுரங்களை மட்டும் கொண்டு, உகுலேலே என்னும் நான்கு தந்திக் கருவியில் அமைக்கப்படும் கார்டுகள் இவை. மேலை இசையில் இச்சுரவரிசைக்கு டபுள் ஹார்மோனிக் மேஜர் என்று பெயர். மேஜர், மைனர் வரிசைகளில் பழகிய கைக்கு இது புதியது. சரளி வரிசை பாடிப் பழகிய காதுக்கோ மிக நெருங்கியது.

பெயரும் வகைப்பாடும்

ராகத்தின் பழைய பெயர் மாளவகௌளை. கடபயாதி முறைக்குப் பொருந்துவதற்காக ‘மாயா’ என்ற முன்னொட்டு பின்னர் சேர்ந்தது. அம்முறையில் ‘மா’ 5, ‘யா’ 1. இரண்டையும் திருப்பி எழுதினால் 15. எழுபத்திரண்டு மேளங்கள் என்ற திட்டத்தை வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் சதுர்தண்டி பிரகாசிகையில் வகுத்தார். அம்மேளங்களைப் பன்னிரண்டு சக்கரங்களாகப் பகுக்கும்போது இது மூன்றாவதான அக்னி சக்கரத்தின் மூன்றாம் மேளமாகும். இந்துஸ்தானி இசையில் பைரவ் தாட் இதுவே. தொடக்கப் பாடங்களை இந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர். முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதியான ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வும் இதில் அமைந்ததே.

சுரங்கள்: ச, ரி1, க3, ம1, ப, த1, நி3. அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான தூரத்தை அரைச்சுரக் கணக்கில் சொன்னால் 1, 3, 1, 2, 1, 3, 1. ‘விகடகவி’ என்ற சொல்லைப் போல, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்தச் சமச்சீர்மையே ராகத்தின் அழகுக்கும், அதிலிருந்து பிறக்கும் கார்டுகளின் விசித்திரத்துக்கும் காரணம்.

கருவி

போர்ச்சுகலைச் சேர்ந்த மடெய்ராத் தீவிலிருந்து குடியேறியவர்கள் 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலூலு வந்திறங்கினர். அவர்களில் இருந்த மரத்தச்சர்கள், தங்கள் ஊரின் சிறு தந்திக் கருவியை ஒட்டி உகுலேலேயை உருவாக்கினர். அரசர் கலாகௌவா அதை ஆதரித்தார். ஹவாய் மொழியில் இப்பெயருக்குத் ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள்.

மரபான சுருதி ஜி, சி, ஈ, ஏ. முதலில் வரும் ஜி தந்தி, அடுத்த இரண்டையும் விட உயர்ந்து ஒலிக்கும். ‘சி’யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் தந்திகள் முறையே ப, ச, க3, த2. முதல் மூன்றும் ராகத்துக்குள் அடங்கியவை. ராகத்தின் தைவதம் த1 என்பதால் நான்காவது மட்டும் அந்நியம். எனவே இக்கார்டுகளில் கடைசித் தந்தியை வெறுந்தந்தியாக மீட்டுவதே இல்லை. ஏதேனும் ஒரு மெட்டில் அழுத்தியே ஆகவேண்டும்.

கார்டுகளை அமைத்தல்

ஒரு சுரத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரங்களை எடுப்பது முறை. கீழே உள்ள எண்கள் ஜி, சி, ஈ, ஏ என்ற வரிசையில் அழுத்த வேண்டிய மெட்டைக் குறிக்கும். 0 என்பது வெறுந்தந்தி.

ச-க-ப: சி மேஜர், 0003
ரி-ம-த: டி ஃபிளாட் மேஜர், 1114
க-ப-நி: ஈ மைனர், 0432
ம-த-ச: எஃப் மைனர், 1013
ப-நி-ரி: ஐந்தாம் சுரம் இறங்கிய ஜி மேஜர், 0132
த-ச-க: ஏ ஃபிளாட் ஆக்மென்டட், 1003
நி-ரி-ம: 4112

முதல் நான்கும் எல்லாருக்கும் தெரிந்த வடிவங்கள். ராகத்தின் குணம் பின் மூன்றில்தான் வெளிப்படுகிறது. நி-ரி-ம மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. நிஷாதத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையே இரண்டு அரைச்சுரங்களே இருப்பதால் கேட்பதற்கு நெருடலாக ஒலிக்கும். அதனுடன் நான்காவதாகத் தைவதத்தைச் சேர்த்தால் நெருடல் தெளிந்து டி ஃபிளாட் செவன்த், அதாவது 1112 கிடைக்கிறது. ஆள்காட்டி விரலை முதல் மெட்டில் படுக்கவைத்து, கடைசித் தந்தியின் இரண்டாம் மெட்டில் இன்னொரு விரலை ஊன்றினால் போதும்.

அங்கிருந்து சி மேஜருக்குத் திரும்புவதே இத்தொகுதியின் உச்சம். படுத்திருந்த விரலை எடுத்துவிட்டு, கடைசித் தந்தியில் ஒரு மெட்டு மேலே ஏறவேண்டும். அப்போது த ப-வில் இறங்குகிறது, ரி ச-வில், ம க-வில். நி மேல் ச-வுக்கு ஏறுகிறது. நான்கு தந்திகளும் ஒரே கணத்தில் அரைச்சுரம் நகர்ந்து வீடு சேர்கின்றன. ரி, த இரண்டுக்கும் உரிய கமகத்தைக் கார்டில் காட்ட முடியாது. ஆயினும் பாட்டுக்குப் பின்னணியாக நிற்கையில் இவற்றால் ராகம் கெடுவதில்லை.

இன்றைய நிலை

டிக் டேல் 1962இல் கிட்டாரில் வாசித்துப் புகழ்பெற்ற ‘மிசிர்லூ’ இதே சுரவரிசையைச் சார்ந்தது. அதை இன்று உகுலேலேயிலும் வாசிக்கின்றனர்.