யோபான் ஹாலி

யோபான் ஹாலி (ஐலெக்ஸ் வொமிட்டோரியா) வட அமெரிக்காவின் தென்கிழக்கில், வர்ஜீனியா கடற்கரை முதல் டெக்சாஸ் வரை இயல்பாக வளரும் பசுமைமாறாப் புதர். ஆண், பெண் பூக்கள் தனித்தனிச் செடிகளில் பூப்பதால், அருகே ஆண்செடி இருந்தால்தான் பெண்செடி செந்நிறக் கனிகளால் நிறையும். மணற்பாங்கு, உப்புக்காற்று, வறட்சி, கடும் கத்தரிப்பு எல்லாவற்றையும் தாங்குவதால் வேலிக்கு இதை நடுகிறார்கள். 'நானா' என்ற குட்டை வகை நடைபாதை ஓரங்களுக்கு ஏற்றது. ஆனால் இதை வெறும் வேலிச்செடியாகக் கருதுவது அதன் வரலாற்றில் பாதியை மறைப்பதாகும். இலையில் காஃபீன் உண்டு. தென்னமெரிக்காவின் எர்பா மாத்தே செடி இதற்கு நெருங்கிய உறவு. திமுக்குவா, மஸ்கோகி முதலிய பழங்குடியினர் இலையை வறுத்துக் கொதிக்கவைத்துக் 'கறுப்புப் பானம்' தயாரித்தனர். செடி இயல்பாக வளராத, பண்டைய பழங்குடி நகரமான கஹோக்கியாவில் கிடைத்த பழங்கலங்களில் இப்பானத்தின் வேதித்தடயங்கள் இருப்பதாக 2012இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தொலைவிலிருந்து இலை வரவழைக்கப்பட்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

அறிவியல் பெயரே வாந்தியைச் சுட்டுகிறதே, இது குடிக்கத் தக்கதா என்று கேட்கலாம். சடங்குகளில் பானம் அருந்தியவர்கள் வாந்தியெடுத்ததை ஐரோப்பியர் கண்டு எழுதியது உண்மை. எனினும் இலையில் வாந்தி உண்டாக்கும் பொருள் எதுவும் உறுதிப்படவில்லை. வெறும் வயிற்றில் பெருமளவு குடித்ததோ, வேண்டுமென்றே வாந்தியெடுத்ததோ காரணமாகலாம். புளோரிடாவில் குடியேறிய ஸ்பானியர் இதே இலைநீரை அன்றாடம் பருகினர் என்பது இந்த ஐயத்தைப் பெரிதும் தளர்த்துகிறது. எச்சரிக்கை கனிக்குத்தான்: பறவைகளுக்கு இரையான அது மனிதர் உண்ணத் தக்கதல்ல.