சுவடியிலிருந்து துணைச் சுகாதார நிலையத்துக்கு

தியாகதுருகத்தில் ஒருவருக்குப் பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஊர் ஊராகப் போக வேண்டியிருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. முண்டியம்பாக்கமே அறுபது கிலோமீட்டருக்கு மேல். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். பேருந்துக் கட்டணமும் துணைக்குப் போனவர் இழந்த கூலியும் இலவசமல்ல. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு இக்கணக்கு இன்னும் நீளும். இப்படிப்பட்ட கணக்குகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியராக விளங்கிய வி. ஆர். முரளிதரன். சுகாதாரப் பொருளியல் அறிஞராக அறியப்படும் அவர், வரலாற்றாய்வு வழியாகவே இத்துறைக்குள் வந்தார் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

1919 முதல் 1939 வரையிலான சென்னை மாகாணத்தின் கிராம மருத்துவம் குறித்த அவரது கட்டுரை 1987இல் வெளிவந்தது. இரட்டையாட்சியில் சுகாதாரம் மாகாண அமைச்சர்களின் பொறுப்பாயிற்று. 1924இல் ஒரு திட்டம் வந்தது: கிராமத்தில் குடியேறும் தனியார் மருத்துவருக்கு அரசு ஆண்டு மானியம் தரும், அவர் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பார், வசதியுள்ளோரிடம் கட்டணம் பெற்றுக்கொள்வார். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் அன்றைய தென்னார்க்காட்டின் கள்ளக்குறிச்சி வட்டம் போன்ற மானாவாரிச் சீமையில் கட்டணம் தர வல்லவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மானியத்தை மட்டும் நம்பி ஒரு மருத்துவர் எத்தனை காலம் அங்கே தங்கியிருப்பார்? இன்றைய அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களைப் பற்றி வியந்து பேசுவோர் அந்தப் பழைய கோப்புகளைப் புரட்டினால் நல்லது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மாகாணத்தின் மலேரியா ஒழிப்புக் கொள்கை பற்றி 1992இல் அவர் எழுதிய கட்டுரைக்கு இணையாசிரியர் தி. வீரராகவன். பார்வையிழந்தவராக இருந்தும் சென்னைத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய அறிஞர் அவர், 2009இல் மறைந்தார். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 'குறைந்த செலவில் நல்ல உடல்நலம்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை ஆகியவை அதன் சான்றுகள். அதன் தொடர்ச்சியாக 2011இல் வந்த நூலில் தமிழ்நாடும் ஓர் அத்தியாயமாக இடம்பெற்றது. அதை எழுதியவர்களுள் முரளிதரன் ஒருவர். தமிழ்நாட்டின் வெற்றியை விளக்க ஒரு தலைவரையோ ஒரு திட்டத்தையோ சுட்டினால் போதாது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித்துறை, 1939ஆம் ஆண்டுச் சட்டம், கிராம சுகாதார செவிலியர் என்று பல தலைமுறை உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதில் பற்று எழுதி மருந்து வழங்கும் ஏற்பாடு அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருந்தால் ஏழை அங்கே வருவான். இல்லையென்றால் மருந்துக்கடைக்குப் போவான், கடன்படுவான்.

2009இல் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் பேச்செல்லாம் அறுவை சிகிச்சை பற்றியதாகிவிட்டது. காப்பீடு படுக்கையில் சேர்ந்தவருக்கானது. மாதந்தோறும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவரை அது தொடுவதில்லை. இவர்களுக்காக 2017இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று ஒன்றியங்களில் துணைச் சுகாதார நிலையங்களை வலுப்படுத்தும் சோதனை முயற்சி தொடங்கியது. முரளிதரனும் அவரது ஐ.ஐ.டி. குழுவும் அதை மதிப்பிட்டனர். கூடுதல் செவிலியரும் மருந்தும் எளிய பரிசோதனைகளும் கிடைத்தவுடன் மக்கள் அங்கே வரத் தொடங்கினர். தனியாரிடம் போவது குறைந்தது. 1924இன் மானியம் பெற்ற மருத்துவர் தங்காத இடத்தில் அரசு ஊதியம் பெறும் செவிலியர் தங்கினார் என்று நாம் இதைப் படிக்கலாம்.

2022இல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தியாகதுருகத்தாரின் அறுபது கிலோமீட்டர் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கியது. மலைமக்களுக்கோ மூவாயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பதுதான் அரசின் அளவுகோல். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் அந்த மூவாயிரம் பேர் எத்தனை மலை மடிப்புகளில் பரவியிருக்கிறார்கள் என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை.