மரப் பாய்க்கலச் சீரமைப்பு

மரப் பாய்க்கலச் சீரமைப்பு என்பது நெடுநாள் கரையில் நின்ற அல்லது பழுதடைந்த மரப் பாய்க்கலத்தை மீண்டும் கடலில் செலுத்தத் தகுந்ததாக்கும் பணியாகும். தூத்துக்குடித் தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓட்டத்தை நிறுத்தியிருக்கும்போது இத்தகைய பணிகள் நடைபெறுவது வழக்கம். இத்தோணிகளில் தற்போது பாயுடன் இயந்திரமும் பொருத்தப்பட்டுள்ளது.

பழுதுகள்

மரக்கலத்தை உளுக்கச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீரே கேடு மிக்கது. உப்பு, பூஞ்சையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும்; மேல்தள இடுக்குகளில் தேங்கும் நன்னீர் அதற்கு இடமளிக்கும். கடலில் கப்பற்புழு மரத்தைத் துளைக்கிறது. பெயரில் புழு எனினும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலியாகும். வெளியே ஊசித்துளை மட்டும் தெரிய, உள்ளே மரம் சல்லடையாகியிருக்கும். இரும்பு ஆணிகள் துருப்பிடித்துத் தம்மைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். கரையில் நிற்கும் கலத்தின் பலகைகள் உலர்ந்து சுருங்குவதால் இடைவெளிகள் தோன்றும்.

பணி வரிசை

1. ஆய்வு: பலகைகளையும் விலாச் சட்டங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய ஊசியால் குத்திச் சோதிப்பர்.

2. மரவேலை: கலம் உருக்குலையாதபடி முட்டுக் கொடுத்த பின்னரே பழுதான பலகைகள் கழற்றப்படும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கலம் தன் வடிவத்தை இழக்கும். ஆகவே சிறிது சிறிதாக மாற்றுவர்.

3. கலப்பற்று: பலகைகளுக்கு இடையிலான இடைவெளிகளில் பஞ்சு அல்லது சணல் திரியை உளி போன்ற கருவியால் அடித்து இறுக்கி, மேலே கீல் அல்லது எண்ணெயுடன் காய்ச்சிய குங்கிலியம் பூசுவர்.

4. அடிக்காப்பு: இந்தியப் பெருங்கடல் மரக்கலங்களில் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த பூச்சு வழங்கிவந்தது. பிரித்தானியக் கடற்படை 18 ஆம் நூற்றாண்டில் செப்புத் தகடு வேய்ந்தது. செம்பு அருகிலுள்ள இரும்பு ஆணிகளை உப்புநீரில் விரைவாக அரிக்கும் என்பதால் ஆணிகளையும் மாற்ற வேண்டியிருந்தது.

5. நீரில் இறக்கல்: உலர்ந்த கலம் இறக்கியவுடன் கசிவது இயல்பு. நீரை உறிஞ்சிப் பலகைகள் பருக்கும்போது கசிவு குறையும். அதுவரை நீரை இறைத்தபடி காவல் இருத்தல் வேண்டும். கசிவுக்கு அஞ்சித் திரியை மிகையாக அடித்தால், பருக்கும் பலகைக்கு இடமின்றி ஆணிகள் பெயரவும் சட்டங்கள் முறியவும் கூடும். சில நாட்களில் குறையாத கசிவு, மறைந்துள்ள பழுதின் அறிகுறியாகும். அத்தகைய கலம் கடலுக்குச் செல்லத் தகுதியற்றது.

6. பாயும் கயிறும்: மிதக்கும் கலம் தன் இயல்பான வடிவத்தில் அமர்ந்த பின்னரே பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் இறுதியாக முறுக்கேற்றப்படும்.

எடுத்துக்காட்டுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற சரக்குக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். சுமார் 89 அடி நீளமுடைய இக்கப்பல் அவர் மனைவியின் பெயரால் புளோரன்சு சி. ராபின்சன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1937 இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட இது, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் சூயசுக் கால்வாய் வழியாகச் சென்று 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோசுட்டர் துறைமுகத்தை அடைந்தது.

திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல், பம்பாயில் வாடியா குடும்பத்தின் மேற்பார்வையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817 இல் நீரில் இறக்கப்பட்டது. 1987 இல் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2001 வரை சீரமைக்கப்பட்டது. இது இப்போது அருங்காட்சியகக் கப்பலாக மிதக்கிறது, கடற்பயணம் செய்வதில்லை. மிதக்கும் தகுதியும் பயணத் தகுதியும் வெவ்வேறு என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

பாய்மரக் கப்பல்
தோணி
வல்வெட்டித்துறை