மதிலும் மணலும்

வசிக்கத் தகுந்த இடம் எது என்ற கேள்விக்கு நம் நகரத்து மத்தியதர வர்க்கத்திடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அடையாறு, பெசன்ட் நகர், அண்ணா நகர், நுங்கம்பாக்கம். கொஞ்சம் பழைய மனிதர்களானால் மயிலாப்பூர், தியாகராய நகர். இவற்றுக்குள் எது உசத்தி என்பதில்தான் சர்ச்சையெல்லாம். காற்று, தண்ணீர், பள்ளிக்கூடம், சபா, அக்கம்பக்கத்து மனிதர்கள் எல்லாம் எடை போடப்படும். மண்ணிலேயே இந்தக் குணங்கள் ஊறிக் கிடந்தன, பிறகு நல்ல மனிதர்கள் தேடி வந்து குடியேறினார்கள் என்கிற பாவனையில். இந்தப் பட்டியலில் யானைக்கவுனி வராது. ராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் வரா. ஏன் என்று கேட்டால் நெரிசல், நாற்றம், லாரி என்பார்கள். இவை விளைவுகள். காரணத்தை நான் ஒரு மதிலிலும் ஒரு துறைமுகத்திலும் தேடச் சொல்வேன்.

கவுனி என்றால் நகரவாசல். யானைக்கவுனி ஒரு காலத்தில் வாசலாகவே இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட வந்தபோது கோட்டைக்கு வெளியே கிடந்த கறுப்பர் நகரம் கேட்பாரின்றிச் சூறையாடப்பட்டது. 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. 1769-இல் ஹைதரே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று உடன்படிக்கை வாங்கிக்கொண்டு போனார். இந்தப் பயத்தில்தான் முத்தியால்பேட்டையையும் பெத்துநாயக்கன்பேட்டையையும் வளைத்து வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. மேற்கு மதிலின் வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. கட்டியவன் பால் பென்ஃபீல்ட். கம்பெனி என்ஜினீயராக வந்து, ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரனானவன். 1785-இல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது இவனையும் சேர்த்துத்தான் கிழித்தார். லேவாதேவிக்காரன் கட்டிய மதிலுக்குள் பின்னால் சௌகார்பேட்டை வளர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

மதிலுக்கான செலவைக் குடிகளிடமே வரியாக வசூலிக்கத் திட்டம் போட்டார்கள். வரி வசூலாகவில்லை, சாலைக்குப் பெயர் மட்டும் நின்றது, வால்டாக்ஸ் ரோடு. நகரத்தில் வசூலாகாத வரியின் ஞாபகமாக நிற்கும் சாலை வேறு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதில் நின்ற நாளில் 'நல்ல இடம்' என்றால் மதிலுக்கு உள்ளே. துபாஷிகளும் செட்டிகளும் கோமுட்டிகளும் குஜராத்திகளும் பணம் வைத்திருந்த இடம் இதுதான். பந்தர் தெருவில் கோவூர் சுந்தர முதலியார் வீட்டில்தான் தியாகராஜர் வந்து தங்கினார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில்தான் ராமலிங்க சுவாமிகள் 1858 வரை இருந்தார். கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் அங்கிருந்துதான் நடந்தார். வீணை தனம்மாளின் வீடும் ஜார்ஜ் டவுனில்தான். இன்றைக்கு சங்கீதம் என்றதும் மயிலாப்பூரை நினைக்கிற ரசிகருக்கு இது கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். ஞானமும் பணமும் ஒரே குறுகிய தெருவில், பொதுச்சுவர் வைத்த வீடுகளில், முன்பக்கம் கடையும் பின்பக்கம் முற்றமுமாக வாழ்ந்திருக்கின்றன.

அந்த வாழ்க்கையைப் பொற்காலமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. வலங்கை இடங்கைச் சண்டை முற்றி, 1707-08-இல் கவர்னர் தாமஸ் பிட் தெருக்களையே இரு தரப்புக்கும் பிரித்துக்கொடுக்க வேண்டி வந்தது. யார் எந்தத் தெருவில் வசிக்கலாம், யார் ஊர்வலம் எதில் போகலாம் என்பதற்கு எல்லைக்கல் நட்ட ஊர் இது. இன்று 'அக்கம்பக்கம் எப்படி?' என்று வீடு பார்க்கப் போகிறவர் தணிந்த குரலில் கேட்கிறாரே, அந்தக் கேள்வியின் மூதாதை அந்த எல்லைக்கல்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. பயம் போயிற்று. பயத்தோடு மதிலின் மதிப்பும் போயிற்று. கோட்டைக்குள் அடைந்து கிடந்த வெள்ளைக்காரர்கள் அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே தெற்கேயும் மேற்கேயும் தோட்ட வீடுகள் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். எழும்பூர், நுங்கம்பாக்கம், மவுண்ட் ரோடின் இரு பக்கங்கள், அடையாற்றங்கரை. மௌப்ரேயின் தோட்ட வீடு இன்று மெட்ராஸ் கிளப். ஜேம்ஸ் பிராடி ஆற்றோரம் கட்டிய மாளிகையில் இன்று இசைக் கல்லூரி. பிராடி அந்த ஆற்றிலேயே 1801-இல் படகு கவிழ்ந்து செத்தான். டவ்டன் வீட்டில் 1916-இலிருந்து கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரி. நம் நல்ல பேட்டைகளின் அஸ்திவாரம் இந்தத் தோட்டங்கள்தாம். பல ஏக்கர் நிலத்தின் நடுவில் ஒரு வீடு, அதைச் சுற்றிக் 'காம்பவுண்டு'. (இந்த வார்த்தையே மலாய் நாட்டுக் கம்போங்கிலிருந்து வெள்ளைக்காரன் வாய்க்குப் போய்ப் பிறகு நம்மிடம் வந்தது என்கிறார்கள்.) 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரமதிலின் பெரும்பகுதி இடிபட்டபோது, ஊருக்குப் பொதுவாக இருந்த மதில் வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ளும் மதிலாகியிருந்தது. அதற்கு வரி கொடுக்க யாரும் மறுக்கவில்லை.

நம்மவர்கள் நூறு வருஷம் கழித்து அதே பாதையில் போனார்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அது தூரத்து ஊர்களுக்கான ரயில். குமாஸ்தாவைக் காலையில் கொண்டுவந்து இறக்கி, சாயங்காலம் மரநிழலுக்குத் திருப்பி அனுப்புகிற ரயில் தெற்கேதான் போயிற்று. வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் வேறு வேறாக இருப்பதே நாகரிகம் என்ற எண்ணம் இந்த வண்டியில் ஏறித்தான் நமக்கு வந்தது. கல்லூரிகள் முதலில் கிளம்பின: கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு, பச்சையப்பன் 1940-இல் சேத்துப்பட்டுக்கு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிள்ளைவாள் நிற்பது பிராட்வே மூலையில், வீடு திருவல்லிக்கேணியில். டிராமுக்குக் காசு கொடுப்பதா நடப்பதா என்ற அவருடைய யோசனை, நகரம் ஏற்கெனவே இரண்டாகிவிட்டதற்குச் சாட்சி. கடவுளையும் அவர் தெற்கேதான் அழைத்துப்போகிறார்.

தியாகராய நகர் ஓர் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை கிடந்த நீண்ட ஏரியை 1920களில் வடித்துத் தரைபோட்டு எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு ரோடும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் இன்னும் இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய விலாசங்களுக்குத் திரும்பி வந்தது. கோட்டூர்புரத்துச் சீமான்களையும் மொட்டைமாடிக்கு ஏற்றியது. தெருக்களுக்கு நீதிக்கட்சிப் பெயர்கள்: பனகல், உஸ்மான், நடேசன். நகரத்துக்கே பெயர் கொடுத்த பிட்டி தியாகராய செட்டியாரோ வண்ணாரப்பேட்டைக்காரர். நெசவாளர் குலத்தவர், தறிகள் வைத்திருந்தவர், மாநகராட்சியின் தலைவராக இருந்தவர், 1925-இல் காலமானார். வடக்கே வாழ்ந்து முடித்த மனிதரின் பெயரைத் தெற்கே எழுதினார்கள். வண்ணாரப்பேட்டைக்கு ஏரி நிரப்பும் திட்டமோ வட்டப் பூங்காவோ வரவில்லை.

தி. நகரின் கதி இன்னும் வேடிக்கையானது. ரங்கநாதன் தெரு குடித்தனத் தெருவாகத்தான் ஆரம்பித்தது. இன்று அதில் போகிறவர் எந்த விதத்தில் மிண்ட் தெருவில் போகிறவரைவிட சௌகரியமாக இருக்கிறார்? எந்த நெரிசலை விட்டு ஓடினார்களோ அதையே ஐம்பது வருஷத்தில் அங்கே உண்டாக்கிவிட்டு, வசதியுள்ளவர்கள் மறுபடி கிளம்பினார்கள். 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த பொட்டல் அண்ணா நகராயிற்று. வீட்டு வசதி வாரியம் கோடு போட்டுக் கொடுத்தது. பெசன்ட் நகரும் வாரியம் போட்ட கோடுதான். இவற்றை ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது எளிது: அண்ணா நகரின் தெருக்கள் அகலம், பெசன்ட் நகருக்குக் கடல், மயிலாப்பூருக்கு பூர்வீகம். எனக்கு மயிலாப்பூரிடம்தான் கொஞ்சம் மரியாதை, அங்கே இன்னும் கடையும் வீடும் கோயிலும் ஒன்றாக இருப்பதால். அதாவது அது இன்னும் கொஞ்சம் ஜார்ஜ் டவுனாக இருப்பதால்.

இனி மணல். நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1881 புயல் அவற்றை உடைத்தது, திரும்பக் கட்டினார்கள். பிறகு பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயை வடகிழக்குக்குத் திருப்பினார். துறைமுகம் பிழைத்தது. ஆனால் வடக்கே போக வேண்டிய மணல் தெற்குக் கையில் முட்டி நின்றுவிட்டது. அங்கே கரை ஒவ்வொரு வருஷமும் அகன்றது. 1880களில் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயர் வைத்து உலாவும் சாலை போட்டபோது இவ்வளவு அகலம் இல்லை. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்குக் கிடைக்க வேண்டிய மணல் கிடைக்கவில்லை. கடல் அவற்றைத் தின்றது. மீனவக் குப்பங்கள் உள்ளே உள்ளே நகர்ந்தன, பிறகு நகர இடமில்லை. இன்று அங்கே கரை என்பது லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்.

ஆக, தெற்கே நாம் சாயங்காலம் காலாற நடக்கிற மணலில் பெரும்பங்கு வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. இதை உருவகமாகச் சொல்லவில்லை. கவிகள் மெரினாவைப் பாடிய அளவுக்கு யாராவது இதைக் கணக்குப் பார்த்திருக்கிறார்களா? நம்முடைய நவீனத்துவம் பெரும்பாலும் தெற்கத்தி விலாசத்திலிருந்து வந்தது. 'எழுத்து' வந்தது திருவல்லிக்கேணியிலிருந்து. அந்நியமாதல் பற்றி நாம் நிறைய எழுதினோம். கரை அந்நியமாகிப்போன மனிதர்கள் ஆறு மைல் வடக்கே இருந்தது நம் பிரக்ஞையில் ஏறவில்லை. அண்மைக் காலத்தில் வடசென்னை நாவல்களும் படங்களும் வருகின்றன. அவற்றிலும் பல, ரத்தத்தையும் கத்தியையும் காட்டித் தெற்கத்தி வாசகனைப் பயமுறுத்திச் சந்தோஷப்படுத்துகின்றன. வீணை தனம்மாளின் தெருவில் எப்படிக் கத்தி வந்தது என்று கேட்கிற நாவலுக்காகக் காத்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கிற தொழிலில், வீட்டை அடமானம் வாங்குமுன் மதிப்பீட்டாளர் ஓர் அறிக்கை தருவார். அதில் 'சுற்றுப்புறத்தின் வகை' என்று ஒரு கட்டம்: உயர்தரம், நடுத்தரம், ஏழ்மை. ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. ஜார்ஜ் டவுன் வீடானால் இன்னொரு தடை: நாலு தலைமுறையாகப் பாகம் பிரியாத பத்திரம். கடன் கிடைக்காததால் வீடு பழுது பார்க்கப்படுவதில்லை. பழுது பார்க்கப்படாததால் கட்டத்தில் வார்த்தை இறங்குகிறது. அடுத்த வீட்டுக்கும் அதே வார்த்தை. பிள்ளை கீழ்ப்பாக்கத்தில் பிளாட் வாங்குகிறான், பழைய வீடு கிடங்காகிறது. பாக்டரிகளின் வேலையை இங்கே பாரங்களே செய்துவிடுகின்றன.

எண்ணூருக்குப் பாக்டரிகளே வந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வார இறுதிக்கு எண்ணூர் போவார்கள்; கடலும் கழியும் சந்திக்கிற இடத்தில் வீடும் கிளப்பும் வைத்திருந்தார்கள். ஊட்டி பிரபலமாகாத காலத்து உல்லாச வாசஸ்தலம் அது. அடையாற்று முகத்துவாரத்தில் எதையெல்லாம் இன்று புகழ்கிறோமோ அதெல்லாம் கொசஸ்தலை முகத்துவாரத்திலும் இருந்தது, இன்னும் விஸ்தாரமாக. 1948-இல் மோட்டார் தொழிற்சாலை, 1960களின் கடைசியில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, 1970-இல் அனல் மின்நிலையம். மின்சாரம் அண்ணா நகரிலும் அடையாற்றிலும் எரிந்தது, சாம்பல் கழியில் இறங்கியது. அந்த மின்நிலையத்தை 2017-இல் மூடினார்கள், சாம்பல் போகவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் இருட்டில் சாலைக்கு ஓடிவந்தார்கள்.

பென்ஃபீல்டின் மதிலில் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோடில் பாக்கி இருக்கிறது. அதன் மேல் செடி வைத்து மாடிப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.