முந்நூறு என்று எழுதியிருந்த நானூற்றைம்பது

போன வாரம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். "மாமா, கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். லிஸ்ட் அனுப்பியிருக்கேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

வேலைக்குச் சேர்ந்து கையில் வாங்கிய முதல் போனஸ். லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். கடையில் இருப்பதிலேயே கிகாஹெர்ட்ஸ் அதிகமான ப்ராசஸர். அதற்குத் தோதாக விலை உசந்த மதர்போர்டு. தண்ணீர் ஓடும் கூலர். கிராபிக்ஸ் கார்டு வரிக்கு வரும்போது காசு தீர்ந்துபோய், ஏதோ ஒரு சின்னக் கார்டு. மண்டபத்துக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பந்தியில் உப்புமா போட்ட கல்யாணம் மாதிரி இருந்தது.

"ஏன்டா இந்த ப்ராசஸர்?"

"இதுலதான் மாமா நம்பர் பெருசா இருக்கு."

சிரித்துவிட்டேன். அவனைப் பார்த்து இல்லை. இந்த நம்பர் மயக்கம் அவனோட வயசை விடப் பழசு. ஃபோனில் அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. நாம் ஏன் பாகம் பாகமாகப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டர் கட்ட முடிகிறது? டிவியை அப்படிக் கட்டுவதில்லை, ஃப்ரிட்ஜையும் கட்டுவதில்லை. காரணம் 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி. அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததால், ஐபிஎம் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. ப்ராசஸர் இன்டெலிடம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டிடம் என்று வெளியில் வாங்கியது. உள்ளே ஐந்து ஸ்லாட் வைத்து, அதில் யார் வேண்டுமானாலும் கார்டு செய்து சொருகலாம் என்று தொழில்நுட்பக் கையேட்டையும் அச்சிட்டு விற்றது. பயாஸ் மட்டும்தான் ஐபிஎம்மின் சொந்தச் சொத்து. அதையும் காம்பேக் நிறுவனம் காப்பியடிக்காமலே, வெளியிலிருந்து அதன் நடத்தையைப் பார்த்து மறுபடி எழுதிவிட்டது. கதவு திறந்தாச்சு. அன்றிலிருந்து எந்தப் பாகம் என்கிற தேர்வும் வாங்குகிறவன் தலையில் விழுந்தது.

தேர்வு என்று வந்தால் அளவுகோல் வேண்டுமே? கிடைத்த அளவுகோல் மெகாஹெர்ட்ஸ். 66 பெரிதா 100 பெரிதா என்று குழந்தைக்கும் தெரியும். சுலபமான அளவுகோல். அதில்தான் வினையே.

முதல் அடி 1996-ல் விழுந்தது. அப்போது சைரிக்ஸ் என்றொரு கம்பெனி 6x86 என்று ஒரு ப்ராசஸர் விற்றது. அதன் பி166+ மாடல் உண்மையில் ஓடியது 133 மெகாஹெர்ட்ஸில். ஆனால் "பென்டியம் 166 அளவுக்கு வேலை செய்யும்" என்ற அர்த்தத்தில் அந்த எண்ணைப் போட்டார்கள். பொய் இல்லை. வேர்டு, எக்ஸெல் மாதிரி ஆபீஸ் வேலைகளை வைத்து அளந்தால் அந்த எண் நியாயமானதுதான். விலையும் குறைவு.

அந்த வருஷம் ஜூனில் ஐடி சாஃப்ட்வேரின் க்வேக் வந்தது. சுவர், தரை, அரக்கன் எல்லாமே நிஜமான முப்பரிமாணம். தூரத்தில் போகப் போகச் சுவரின் படம் சரியாகச் சுருங்க வேண்டுமென்றால் வகுத்தல் கணக்கு போட வேண்டும், அதுவும் தசம எண்களில். வகுத்தல் எந்த ப்ராசஸருக்கும் மெதுவான வேலை. ஜான் கார்மாக்கும் மைக்கேல் அப்ராஷும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பென்டியத்தில் தசமக் கணக்குப் பிரிவு வகுத்துக்கொண்டிருக்கும்போதே, மறுபக்கம் முழு எண் பிரிவு பிக்ஸல்களை வரைந்துகொண்டிருக்கலாம். பதினாறு பிக்ஸலுக்கு ஒரு வகுத்தல். ஒரு அடுப்பில் சாதம் வேகும்போது இன்னொரு அடுப்பில் தாளிப்பது போல. வகுத்தலுக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட இலவசம்.

இந்தத் தந்திரம் பென்டியத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து எழுதப்பட்டது. சைரிக்ஸின் தசமக் கணக்குப் பிரிவு அவ்வளவு வேகமில்லை. ஆபீஸ் வேலையில் பென்டியம் 166-க்குச் சமமாக நின்ற அதே சில்லு, க்வேக்கில் அதை விடக் குறைந்த பென்டியங்களிடமே தோற்றது. மேலே போட்டிருந்த எண் மாறவில்லை. கேட்ட கேள்விதான் மாறியது. 1997-ல் சைரிக்ஸை நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது, 1999-ல் அது வியாவின் கைக்குப் போனது. க்வேக் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளையாடுகிறவர்கள் மத்தியில் அந்தப் பெயர் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது நம்ம ஹீரோவுக்கு வருவோம் :-)

1998 ஏப்ரலில் இன்டெல் செலரான் 266 என்று ஒன்றை இறக்கியது. பென்டியம் 2-வின் அதே மூளை, ஆனால் எல்2 கேஷ் முழுசாகக் கழற்றப்பட்டது. கேஷ் என்றால் என்ன? சமையல்கட்டில் கைக்கு எட்டும் அஞ்சறைப்பெட்டி. அது இல்லையென்றால் கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் மளிகைக் கடைக்கு ஓட வேண்டும். ரேம்தான் அந்த மளிகைக் கடை. ஆபீஸ் வேலைகளில் இந்தச் செலரான், தனக்கு முந்தைய தலைமுறை பென்டியம் எம்எம்எக்ஸிடம்கூடச் சில இடங்களில் தோற்றது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கப்போட்டன.

இன்டெல் பாடம் படித்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 24-ல் செலரான் 300ஏ வந்தது. 128 கிலோபைட் கேஷ். பென்டியம் 2-வில் இருந்ததோ 512 கிலோபைட். கால்வாசிதான். ஆனால் ஒரு வித்தியாசம். பென்டியம் 2-வின் கேஷ் தனிச் சில்லுகளாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ப்ராசஸரின் பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ-வின் கேஷ் ப்ராசஸருக்குள்ளேயே, அதே சிலிக்கான் துண்டில், முழு வேகத்தில் ஓடியது. பக்கத்து அறையில் இருக்கிற பெரிய அலமாரியா, கைக்கு அடியில் இருக்கிற சின்னப் பெட்டியா? சமைக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதோடு முடிந்திருந்தால் "நல்ல பட்ஜெட் ப்ராசஸர்" என்று நாலு பேர் சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். அடுத்து நடந்ததுதான் சரித்திரம்.

ப்ராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டின் பஸ் வேகம் ஒரு பக்கம், ப்ராசஸருக்குள் இருக்கும் பெருக்கி இன்னொரு பக்கம். 300ஏ-வுக்கு 66 மெகாஹெர்ட்ஸ், நாலரை மடங்கு. மொத்தம் 300. பெருக்கியை இன்டெல் பூட்டியிருந்தது. அதற்கும் நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் மெதுவான சில்லின் மேல் எழுத்தை அழித்துவிட்டு, பெரிய நம்பரை அச்சடித்து விற்கும் கள்ள வியாபாரம் உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஆனால் பஸ் வேகத்தைப் பூட்ட முடியவில்லை. இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கே தயாராக இருந்தன. பயாஸுக்குள் போய் 66-ஐ 100 ஆக்கினால்? நூறு பெருக்கல் நாலரை. 450.

அன்று தேதிக்கு இன்டெலின் உச்ச டெஸ்க்டாப் ப்ராசஸர் எது தெரியுமா? பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். அதுவும் அதே ஆகஸ்ட் 24-ல்தான் வெளியானது. விலை 669 டாலர். 300ஏ விலை 149 டாலர்.

அபிட் பிஎச்6 மாதிரி போர்டுகளில் ஜம்பர் எதையும் பிடுங்காமல் பயாஸ் திரையிலேயே இதை மாற்றலாம். மாற்ற விடாத போர்டு வைத்திருந்தவர்கள் ப்ராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு காலை டேப் ஒட்டியோ, நெயில் பாலிஷ் தடவியோ மறைத்தார்கள். அது மறைந்தால் போர்டு "இது 100 மெகாஹெர்ட்ஸ் ஆசாமி" என்று நம்பிவிடும். ஒரு சொட்டு நகச்சாயத்தில் 500 டாலர் லாபம்! அந்த மிச்சக் காசில் அந்த வருஷத்தின் கனவுக் கார்டான 3டிஎஃப்எக்ஸ் வூடூ2-வே வாங்கலாம். வாங்கியவர்கள் நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃபை எப்படி ஆடியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. பயந்த சுபாவக்காரர்கள், "எதுக்கு வம்பு, 100 வேணாம், நடுவுல 83 வைப்போம்" என்று வைத்தார்கள். அதுதான் ஆபத்து! பிசிஐ ஸ்லாட்டுகள் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியவை. பஸ் 100 என்றால் போர்டு அதை மூன்றால் வகுத்துச் சரியாக 33 கொடுக்கும். 83 என்றால் இரண்டால் வகுத்து 41-க்கு மேல் போய்விடும். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர், சவுண்டு கார்டு எல்லாம் திணறும். பாதி தைரியம் முழு தைரியத்தை விட மோசம்.

இன்னொன்று. அதே நாளில் செலரான் 333-ம் வந்தது. விலை கூட, நம்பரும் கூட. ஆனால் அதன் பெருக்கி ஐந்து. 100-ல் வைத்தால் 500 ஆக வேண்டும். அந்தச் சில்லுகளில் பலவற்றுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. கூடக் காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கிடைத்தது குறைவு. விவரம் தெரிந்தவன் சின்ன நம்பரைத் தேடிப்பிடித்து வாங்கினான்.

சரி, 300 என்று எழுதிய சில்லு 450-ல் ஏன் ஓடியது? அதிசயம் ஒன்றுமில்லை. பென்டியம் 2 450-ம் இதே 0.25 மைக்ரான் முறையில்தான் தயாரானது. மூளையும் அதே வம்சம். ஆலையில் நல்ல சில்லுகள் நிறைய வர ஆரம்பித்துவிட்டன. ஆனால் சந்தைக்கு மலிவான ஒன்றும் வேண்டும், விலை உசந்த ஒன்றும் வேண்டும். அதனால் நல்ல சரக்கின் மேலேயே சின்ன எண்ணை அச்சடித்தார்கள். மேலே இருந்த 300 என்பது சில்லின் திறமையைச் சொன்ன எண் இல்லை, கம்பெனியின் விலைப்பட்டியலைச் சொன்ன எண். எல்லாச் சில்லும் 450 போகும் என்று உத்தரவாதமும் கிடையாது. போகாதது கையில் மாட்டினால் அவரவர் அதிர்ஷ்டம்.

அந்தக் காலம் திரும்ப வராது. ஏனென்றால், சில்லில் ஒளிந்திருந்த அந்த மிச்சத் தெம்பை இப்போது கம்பெனிகளே டர்போ என்ற பெயரில் பிழிந்து பெட்டியில் போட்டு விற்கின்றன. சில சமயம் அளவுக்கு மீறியும் பிழிகிறார்கள். 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலருக்கு விளையாட்டின் நடுவில் கிராஷ் ஆகிக்கொண்டே இருந்தன. மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதுதான் காரணம் என்று ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. பெரிய நம்பருக்கு ஓடியதன் விலை அது.

ஆனால் அஞ்சறைப்பெட்டிக் கதை மட்டும் மறுபடி நடந்தது. 2022 ஏப்ரலில் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. அண்ணன் 5800எக்ஸை விட மெகாஹெர்ட்ஸ் குறைவு. ஓவர்கிளாக் பண்ணவும் தடை. காகிதத்தில் பார்த்தால் தம்பிதான் மட்டம். ஆனால் சில்லின் தலைமேல் இன்னொரு மாடி கட்டி 64 மெகாபைட் கேஷை ஏற்றியிருந்தார்கள். மொத்தம் 96. பெரும்பாலான விளையாட்டுகளில் தம்பி அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டது. 2017-ல் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு அதைச் சொருக முடிந்தது. 24 வருஷம் கழித்து அதே பாடம்: விளையாட்டு கேட்பது எண்ணை இல்லை, கைக்கெட்டும் தூரத்தை.

அக்கா பையனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். "நம்பரைப் பார்க்காதே. நீ ஆடப்போற கேம் என்ன கேக்குதுன்னு பாரு. உன் ஃப்ரெண்ட் பிசியில அந்த கேமைப் போட்டு, ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாரு. ஃப்ரேம் ரேட் ஜிவ்வுனு ஏறிச்சுன்னா மூச்சு வாங்கறது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லைன்னா ப்ராசஸர். எது மூச்சு வாங்குதோ அங்க காசைப் போடு."

"அப்ப அந்தத் தண்ணி கூலர் மாமா?"

"அதுக்கு உள்ள மீனா விடப்போறே?"

நேற்று ராத்திரி புது லிஸ்ட் அனுப்பினான். ப்ராசஸர் ரெண்டு படி இறங்கியிருந்தது. கூலர் காற்றாடிக்கு மாறியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு மூணு படி ஏறியிருந்தது. மொத்தத் தொகை பழைய லிஸ்ட்டை விட நாலாயிரம் கம்மி. அந்த நாலாயிரத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போகிறானாம்.

அக்காவுக்கு இன்டெலும் தெரியாது, செலரானும் தெரியாது. புடவை வந்ததும் ஃபோன் பண்ணுவாள், பார்ப்போம் :-)